வீட்டிலும் நெற்களஞ்சியத்திலும் எலி புகாது காத்தல்

காலபோக அறுவடை முடிந்து, நெல் காய்ந்து வீடு வந்து சேருங் காலம் கமக்காரர் மனநிறைவு கொள்ளுங் காலமாகும். எலி இடம்பெயருங் காலமும் அதுவே. வயலிற் கதிர் நின்றவரை வரம்பிலே வளை தோண்டி வாழ்ந்த எலிகள், வயல் வெறுமையானதும் உணவை நாடி வளவுகளை நோக்கி வருகின்றன. கார்த்திகை, மார்கழி மாதங்களில் மாரி பெருகி வளைகளுள் வெள்ளம் புகும்போதும் இவ்வாறே மேட்டு நிலத்து வீடுகளை நாடுகின்றன. ஆகவே ஆண்டில் இருமுறை, மாரி தொடங்குமுன் ஒருமுறையும் அறுவடைக்கு முன் ஒருமுறையும், வீட்டையும் களஞ்சியத்தையும் சுற்றிப் பார்த்துப் பழுதுகளைச் சீர்செய்தல் வேண்டும்.

"எலி பெருகிவிட்டது, நல்ல மருந்து யாது?" என்பதே விவசாயப் போதனாசிரியரிடம் பலரும் முதலிற் கேட்குங் கேள்வியாகும். எலி எவ்வழியாக உள்ளே வருகின்றது என்று கேட்போர் மிகச் சிலரே. மருந்தினாற் பத்து எலிகள் மடியலாம். ஆனால் அவை வந்த வழி திறந்திருக்க, அவை தின்ற நெல்லும் அவ்விடத்திலேயே இருக்குமாயின், சில வாரங்களில் வேறு எலிகள் அவ்விடத்தை நிரப்பிவிடும். பெண்ணெலி கருவுற்று மூன்று வாரமளவிற் குட்டி ஈனும்; ஓர் ஈற்றிற் பொதுவாக ஆறு முதல் எட்டுக் குட்டிகள் பிறக்கும்; அக்குட்டிகளும் ஏறக்குறைய மூன்று மாதத்தில் இனம்பெருக்கத் தொடங்கும். இத்துணை விரைவாகப் பெருகும் உயிரைக் கொன்று முடித்தல் எளிதன்று. வழியை அடைத்தலும் உணவை எட்டாது வைத்தலுமே முதலிற் செய்யற்பாலன. பொறியும் மருந்தும் அதன்பின் உள்ளே எஞ்சிநிற்கும் எலிகளுக்கே உரியன.

இழப்பின் அளவைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். வளர்ந்த வீட்டெலியொன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 கிராம் தானியம் உண்ணும். வீட்டில் பத்து எலிகள் உளவெனக் கொண்டால் ஒருநாளைக்கு 200 கிராம் போகின்றது. மாசியில் வைத்த நெல்லைப் புரட்டாதியில் விதைப்பிற்காக எடுக்கும்வரை ஏழு மாதங்கள், அஃதாவது 210 நாட்கள், செல்கின்றன. அதற்குள் 42 கிலோ கிராம் நெல் எலி வயிற்றிற் சென்றுவிடும். இஃது ஏறக்குறைய இரண்டு புசலாகும். ஓர் ஏக்கர் வயலுக்கு வேண்டிய விதைநெல்லும் அவ்வளவே என்பதைக் கமக்காரர் அறிவர். எலி தின்பதைவிடக் கெடுப்பது மிகுதி. சாக்கை அறுத்து நிலத்திற் சிந்திய நெல்லும், சிறுநீரும் புழுக்கையும் கலந்த நெல்லும், முளை கடியுண்ட விதையும் இக்கணக்கிற் சேர்க்கப்படவில்லை.

எவ்வகை எலி?

வீட்டில் நடமாடுவது எதுவென அறியாது தொழிற்படுதல் வீண்முயற்சியாகும். எமது வீடுகளிற் பெரிதும் காணப்படுவது கூரையெலி. இதன் வால் உடலினும் நீளமானது, காதுகள் பெரியன. மரம், சுவர், மின்கம்பி எதன்மேலும் ஏறிச் செல்ல வல்லது. சுண்டெலி மிகச் சிறியது. நெற்சாக்கின் மடிப்பிலேயே கூடுகட்டி வாழும். தானியத்திலுள்ள ஈரமே அதற்குப் பெரும்பாலும் போதுமாதலின், நீரின்றியும் நெடுங்காலம் அங்கேயே தங்கும். வயலெலி வரம்பிலே வளைதோண்டி, அதன் அறைகளிற் கதிர்களை வெட்டிச் சேர்த்து வைப்பது. அகழானெனப்படும் பெருச்சாளி கிணற்றடி, கழிநீர் வாய்க்கால், அத்திவாரம் ஆகியவற்றின் அருகே பெருவளை தோண்டிச் சுவருக்கே கேடு விளைக்கும்.

மூஞ்சூறு எலியன்று. நீண்ட மூக்கும் கடும் நாற்றமும் உடைய இப்பிராணி கரப்பான் முதலிய பூச்சிகளை உண்பது. நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள முடியுமாயின் அதனைத் துரத்த வேண்டியதில்லை.

புழுக்கையைக் கொண்டு இனத்தை அறியலாம். அரிசியளவினும் சிறிதாயும் இருபுறமும் கூர்மையாயும் இருப்பின் சுண்டெலி. அரை அங்குலமளவினதாயின் கூரையெலி. புழுக்கை பளபளப்பாயும் மென்மையாயும் இருப்பின் அண்மையில் இட்டது. உலர்ந்து பொடியாவது பழையது. எலி நாள்தோறும் ஒரே வழியாற் செல்லும் இயல்பினது. ஆதலின் அதன் உடலிலுள்ள எண்ணெய்ப்பசையும் அழுக்கும் பட்டுச் சுவரிலும் வளையிலும் கரிய தடமொன்று தோன்றும். தடம் தெளிவாகத் தெரியாவிடத்து, இரவிற் படுக்கைக்குச் செல்லுமுன் சுவரோரத்திற் சலித்த சாம்பலை மெல்லிதாகத் தூவிவைத்து, விடியற்காலையில் அடிச்சுவடுகளைப் பார்த்தல் வேண்டும். சுவடு எத்திசையிற் செல்கின்றதோ அத்திசையிலேயே துவாரமும் உளது. இவ்வேலைக்குச் சிறுவர்களைப் பழக்கினால் அவர்கள் பெரியோரினும் நன்றாகக் கண்டுபிடிப்பர்.

வழிகளை அடைத்தல்

கால் அங்குல இடைவெளி சுண்டெலிக்கும் அரை அங்குல இடைவெளி இளம் எலிக்கும் போதியனவாம். தலை நுழையுமாயின் உடலும் நுழைந்துவிடும். சாதாரண பென்சிலொன்றைக் கையிலெடுத்துச் செல்க. அது நுழையுந் துவாரம் எதுவாயினும் அதனை அடைத்தல் வேண்டும்.

முதலிற் பார்க்கவேண்டியது கதவின் அடிப்பகுதி. எமது வீடுகளிற் கதவின் கீழ் ஓரங்குல இடைவெளி இருத்தல் வழமை. அதுவும் பின்கதவாயின் இன்னும் அதிகமாக இருக்கும். கதவின் அடியில், உள்ளும் புறமும், ஒன்பது அங்குல அகலமான தகரத்தை ஆணியால் இறுக்கி, நிலத்திற்கும் தகரத்திற்கும் இடையே கால் அங்குலத்திற்கு மேற்படாதவாறு செய்தல் வேண்டும். வாசற்படி தேய்ந்து நடுவிற் குழிந்திருப்பின் சீமெந்தினால் நிரவுதல் வேண்டும். நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெடிப்பையும் மறத்தலாகாது.

எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வன. அவற்றைத் தேய்க்காதிருக்க முடியாதாகையால் எலி எதையேனும் கரண்டிக்கொண்டேயிருக்கும். மரம், களிமண், பிளாத்திக்கு, தரங்குறைந்த சாந்து ஆகியன அதற்குத் தடையல்ல. ஆனால் பல்லைப் பதிப்பதற்கு ஒரு விளிம்பு வேண்டும். வழுவழுப்பான தட்டைப் பரப்பில் அதனாற் பல்லைப் பதிக்க இயலாது. ஆதலின் துவாரத்தைச் சாக்குத் துண்டினாலோ மண்ணினாலோ அடைத்தல் பயனற்றது. உடைந்த கண்ணாடித் துண்டுகளையோ முறுக்கிய கம்பி வலையையோ உள்ளே திணித்து, மேலே சீமெந்துச் சாந்தை வழுவழுப்பாகப் பூசிவிடுதல் வேண்டும். கண்ணாடியைக் கையாளும்போது கையிற் சாக்கைச் சுற்றிக்கொள்க.

அடுத்தது சுவருக்கும் கூரைக்கும் இடைப்பட்ட வெளியாகும். ஓட்டு வீடுகளில் இறப்பின் ஓரத்து ஓடுகளின் கீழும், நெளித்தகட்டு வீடுகளில் ஒவ்வொரு நெளியின் கீழும், எலி நுழையத்தக்க இடைவெளி இருக்கின்றது. கூரையெலி பெரும்பாலும் இவ்வழியாகவே வருவதாயினும், அண்ணாந்து பார்ப்போர் இல்லாமையால் இது கவனிக்கப்படுவதில்லை. நெளிகளைச் சாந்தினால் அடைக்கலாம். காற்றோட்டம் வேண்டிய இடத்திலும் யன்னலின் மேலுள்ள துவாரங்களிலும் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையை அடித்தல் நன்று. கொசுவலைத் துணியும் பிளாத்திக்கு வலையும் இதற்கு உதவா.

கிடுகு அல்லது பனையோலை வேய்ந்த கொட்டிலை முற்றாக அடைத்தல் இயலாது. அத்தகைய கொட்டிலில் நெல்லையோ விதைகளையோ திறந்தபடி வைத்துக்கொண்டு எலியை வெல்லலாமென எண்ணுதல் தவறு. அங்கே மூடியுள்ள பாத்திரமே சுவராகும். அடுக்களை கொட்டிலாயிருப்பின் இரவில் எஞ்சிய சோறு, தேங்காய்ச் சொட்டு, கருவாடு, மிளகாய் யாவற்றையும் இறுக மூடும் தகரப் பேணிகளில் இட்டுவைத்தல் வேண்டும். உறியிற் கட்டித் தொங்கவிடுதல் பூனைக்குத் தடையாகலாம். கயிற்றில் இறங்கிவரும் கூரையெலிக்கு அது தடையாகாது.

வீட்டின் மேற் சாய்ந்துள்ள மரக்கிளைகளைக் கூரையினின்று நான்கடியாவது விலகுமாறு வெட்டுதல் வேண்டும். முருங்கைக் கிளையும் மாங்கிளையுமே பெரும்பாலான வீடுகளில் எலிக்குப் பாலமாகின்றன. வீட்டருகேயுள்ள தென்னையில், ஆறடி உயரத்திற்கு மேலாக, ஓரடிக்குக் குறையாத அகலமுள்ள வழுவழுப்பான தகரத்தை மரத்தைச் சுற்றி இறுக்கமாக அடித்தால் எலி ஏறாது, குரும்பைகளும் தப்பும். ஆனால் ஓலைகள் அடுத்த மரத்தைத் தொடுமாயின் ஒரு மரத்திற்கு மட்டும் தகரம் அடித்துப் பயனில்லை.

வளவில் விறகு, மட்டை, சிரட்டை, பழைய ஓடு ஆகியவற்றைச் சுவரோடு சார்த்திக் குவித்தலாகாது. விறகை நிலத்தினின்று ஒன்றரையடி உயரத்திற் பரண் அமைத்து, சுவரினின்று விலக்கி அடுக்குதல் வேண்டும். கோழித்தீனை இரவு முழுவதும் கூட்டினுள் விட்டுவைத்தல் எலிக்கு விருந்து வைப்பதற்கு ஒப்பாகும். அயலவர் வளவு குப்பையாயிருக்க, நாம் மட்டும் துப்புரவு செய்தல் அரைப்பயனே தரும். வேலிக்கு இருபுறத்தாரும் ஒரே வாரத்தில் இவ்வேலையைச் செய்தல் நன்று.

நெல்லை வைக்கும் முறை

முன்னோர் கொம்பறையை நிலத்தில் வைக்காது கால்களின்மேல் உயர்த்தி அமைத்தமை நன்கு ஆராய்ந்து செய்த செயலாகும். நிலத்திலுள்ள எலி நின்ற நிலையினின்று இரண்டரையடியளவு மேலே தாவ வல்லது. ஆகவே களஞ்சியத்தின் அடித்தளம் நிலத்தினின்று மூன்றடிக்குக் குறையாது உயர்ந்திருத்தல் வேண்டும். உயரம் மட்டும் போதாது. எலி காலில் ஏறிவரும். ஒவ்வொரு காலிலும், தளத்திற்குச் சற்றுக் கீழே, கவிழ்த்த புனலின் வடிவான தகரக் காப்பொன்றைப் பொருத்துதல் வேண்டும். அஃது எப்புறமும் பத்தங்குலம் வெளியே நீண்டிருத்தலும், காலோடு சேருமிடத்தில் இடைவெளி இன்றியிருத்தலும் அவசியம். பழைய எண்ணெய்த் தகரத்தை வெட்டி இதனைச் செய்துகொள்ளலாம், செலவு சிறிது.

இவ்வளவும் செய்தபின், நெல் எடுப்பதற்கு வைத்த ஏணியை அங்கேயே சார்த்திவிட்டு வருவோர் பலர். எலிக்குப் படி அமைத்துக் கொடுத்தமையேயன்றி இதற்கு வேறு பெயரில்லை. ஏணியை ஒவ்வொரு முறையும் எடுத்து அப்பால் வைத்தல் வேண்டும். களஞ்சியத்தைச் சுற்றி நான்கடிக்குள் மரமோ வேலியோ வண்டியோ நிற்றலாகாது.

வீட்டறையிற் சாக்குகளில் நெல்லை வைப்போர், சாக்குகளை நிலத்தில் இடாது மரச்சட்டத்தின்மேல் அடுக்கி, நாற்புறமும் சுவரினின்று ஒன்றரையடி விலக்குதல் வேண்டும். ஆள் சுற்றிவந்து பார்க்கக்கூடியதாக இருத்தலே இதன் நோக்கமாகும். சுவரோடு ஒட்டிய அடுக்கின் பின்புறத்தில் என்ன நிகழ்கின்றதென்பது சாக்கை எடுக்கும் நாளிலேயே தெரியவரும். இன்று பெரிதும் பயன்படும் பின்னற் பிளாத்திக்குச் சாக்கு எலிப்பல்லுக்கு எவ்வகையிலும் தடையன்று.

விதைநெல்லைத் தனியே தகரப் பீப்பாவில் இட்டு இறுக மூடிவைத்தல் மிகச் சிறந்தது. தடித்த பிளாத்திக்குப் பீப்பாவும் உதவும். அதன் வாய் விளிம்பை மட்டும் அடிக்கடி பார்த்துக்கொள்ளல் வேண்டும். ஆனால் மூடிய பாத்திரத்தில் இடும் நெல் நன்றாகக் காய்ந்திருத்தல் இன்றியமையாதது. ஈரம் 13 சதவீதமளவிற்குக் குறையும்வரை வெயிலில் உலர்த்தி, சூடு ஆறியபின்னரே இடுதல் வேண்டும். சூட்டோடு மூடிய நெல் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பல்லாற் கடித்தால் ஓசையுடன் முறிவது ஏறத்தாழ ஏற்ற பதமாகும்.

பொறியும் மருந்தும்

வழிகளை அடைத்தபின் உள்ளே அகப்பட்டுக்கொண்ட எலிகளுக்குப் பொறி வைத்தல் வேண்டும். எலி புதிய பொருளைக் கண்டு அஞ்சும் இயல்பினது. முதல் இரவிலேயே பொறியில் விழாமைக்கு இதுவே காரணம். எனவே நான்கைந்து இரவுகள் பொறியை விசை ஏற்றாது, இரையை மட்டும் இட்டுவைத்தல் வேண்டும். எலி அச்சமின்றித் தின்னப் பழகியபின் ஒரே இரவிற் பொறிகள் யாவற்றையும் விசை ஏற்றிவிட்டால் பெரும்பாலானவை அகப்படும். சுண்டெலிக்கு இவ்வச்சமில்லை, அதற்கு முதல் நாளே ஏற்றலாம். சுட்ட தேங்காய்த் துண்டும் கருவாடும் ஏற்ற இரைகளாம். பொறியை அறையின் நடுவில் வைத்தலாற் பயனில்லை. சுவருக்குச் செங்குத்தாக, இரை வைக்கும் தட்டு சுவரைத் தொடுமாறு, எலித்தடத்தின்மேல் வைத்தல் வேண்டும். ஒரு பொறியை முப்பது நாள் வைப்பதிலும் பத்துப் பொறிகளை மூன்று நாள் வைத்தல் நன்று. கூட்டுப்பொறியில் உயிரோடு அகப்பட்டதைக் கொண்டுபோய் அடுத்த ஒழுங்கையில் விட்டுவருவோரும் உளர். அதனால் எலிக்கு ஓர் உலாவும் அயலாருக்கு ஒரு மனக்கசப்புமே மிஞ்சும்.

பூனை சுண்டெலியையும் எலிக்குட்டிகளையும் பிடிக்குமாயினும், வளர்ந்த எலிகள் நிலைகொண்ட வீட்டைப் பூனையொன்றால் மீட்க முடியாது. சாரைப்பாம்பும் கூகையும் வயலிற் செய்யும் உதவி பெரிது. கூகை கூரையிலிருந்து குழறுதல் தீய குறியென்று அதனைக் கல்லெறிந்து துரத்துவோர், தம் நெல்லின் காவலாளியையே துரத்துகின்றனர்.

மருந்தைப் பொறுத்தவரை, சட்டப்படி பதிவு செய்யப்பட்டவற்றை மட்டுமே, உறையில் எழுதியுள்ளபடி பயன்படுத்துதல் வேண்டும். குருதி உறையாது தடுக்கும் மருந்துகள் சில நாட்கள் கழித்தே கொல்லும். ஆதலின் எலி ஐயுறுவதில்லை. மனிதரோ நாயோ தவறுதலாக உண்டால் இவ்வகைக்கு உயிர்ச்சத்து கே மாற்று மருந்தாக உளது. நாகபொசுபைட்டு என்னும் கரிய தூளுக்குத் தனிப்பட்ட மாற்று மருந்தில்லை. அது வயிற்றில் நச்சுவாயுவை உண்டாக்குவது. பிள்ளைகள் உள்ள வீட்டில் அதனைப் பயன்படுத்தலாகாது. தானியக் களஞ்சியத்திற்குப் புகையூட்டும் நச்சு வில்லைகளை மக்கள் உறங்கும் வீட்டினுள் வைத்தல் ஒருபோதும் கூடாது. அவ்வாயு ஓரறையினின்று மறுவறைக்குச் சென்று உறங்குவோரைக் கொல்லும். வளவைச் சுற்றி மின்கம்பி இழுத்தலும் அத்தகையதே. மருந்து கலந்த இரையைச் சிறுவர், கோழி, நாய் ஆகியோருக்கு எட்டாத மூடிய பெட்டியில், எலி மட்டும் நுழையத்தக்க துவாரமிட்டு வைத்தல் வேண்டும். நெல்லுள்ள அறையில் வைத்தலாகாது. எவரேனும் உண்டுவிடின், உறையையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

எலியும் நோயும்

1914ஆம் ஆண்டு கொழும்பு நகரிற் கொள்ளைநோய் முதன்முறையாகத் தோன்றியது. அந்நகரின் நுண்ணுயிரியலாளராக இருந்த பேபியன் ஹேர்ஸ்ட் எலிகளின் உடலிலுள்ள தெள்ளுகளை ஆராய்ந்து, எல்லாத் தெள்ளும் நோயைச் சமமாகப் பரப்புவதில்லை என்றும், நோயை நன்கு பரப்பும் இனம் தானியக் களஞ்சியங்கள் செறிந்த பகுதியில் வாழ்ந்தமையாலேயே நோயும் அங்கே மிகுந்ததென்றும் காட்டினார். தானியமும் எலியும் நோயும் ஓரிடத்திற் கூடுமென்பதற்கு இது தெளிவான சான்றாகும். கொள்ளைநோய் இன்று இலங்கையில் இல்லை.

எலிக்காய்ச்சல் இருக்கின்றது. 2008ஆம் ஆண்டில் இந்நாட்டில் ஏழாயிரத்திற்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினரெனப் பதிவாயிற்று; அவர்களுள் இருநூறு பேரளவில் உயிரிழந்தனர். 2024 மார்கழியில், பெருமழையின் பின், யாழ்ப்பாண மாவட்டத்தில் இந்நோயாற் சிலர் இறந்தமை பலருக்கும் நினைவிருக்கும். நோய்க்கிருமி எலியின் சிறுநீரோடு வெளிப்பட்டு, தேங்கிய நீரிலும் சேற்றிலும் தங்கி, காலிலுள்ள சிறு காயத்தின் வழியாக உடலினுட் செல்கின்றது. ஆடுமாடுகளின் சிறுநீராலும் பரவலாம். வயலில் இறங்குவோரே பெரிதும் தாக்கப்படுவராயினும், எலி நடமாடும் களஞ்சியத்தைக் கூட்டித் துப்புரவு செய்வோரும் கவனமாயிருத்தல் வேண்டும். புழுக்கையை உலர்ந்தபடி கூட்டித் தூசி எழுப்பலாகாது. குளோரின் கலந்த நீரைத் தெளித்து நனைத்தபின், கையுறை அணிந்து அள்ளுதல் வேண்டும். செத்த எலியை வெறுங்கையாற் தொடாது, பிளாத்திக்குப் பையால் எடுத்து, நாய் தோண்டாத ஆழத்திற் புதைத்து, கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும்.

காலிற் காயத்தோடு வயலில் இறங்கவேண்டி வரின் காயத்தை நீர் புகாதவாறு மூடிக்கட்டுக. நோய் பரவுங் காலங்களில் கமக்காரருக்குரிய தடுப்பு மருந்தினைப் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிற் பெறலாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசைகளிற் கடும் நோவு, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் ஆகியன தோன்றின், கடையில் வாங்கிய குளிசையுடன் நாட்களைக் கழிக்காது வைத்தியசாலைக்குச் சென்று, "வயலில் வேலை செய்தேன்" அல்லது "எலி உள்ள களஞ்சியத்தைத் துப்புரவு செய்தேன்" என்று வைத்தியர் கேளாமுன்னரே கூறுதல் வேண்டும்.